நாத்தனார் முடிச்சு

“ஒரு கால்கட்டைப் போட்டுட்டா சரியாப் போயிரும்.” என் தம்பியைப் பற்றி எங்கள் வீட்டில் இதை முதலில் சொன்னது நான். அம்மா சொன்னதாகத்தான் சொந்தபந்தம் முழுவதும் இன்றுவரை பேச்சு. அம்மா இப்போது இல்லை. மறுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் அந்தப் பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது. நானும் இத்தனை காலம் திருத்தவில்லை. இங்கே திருத்துகிறேன்.

அப்போது அவனுக்கு 28 வயது. குடித்தான். நல்லது கெட்டதுக்கு எப்போதாவது குடிக்கிறவன் இல்லை. விடிந்ததும் கை நடுங்கும். ஒரு மடக்கு உள்ளே போனால்தான் சட்டைப் பொத்தானைப் போட முடியும். அந்த நடுக்கத்தைக் கண்ணால் பார்த்தவள் நான். அது இன்னதென்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், பத்திரிகை படிக்கிறவள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் குடிநோயாளிகளுக்கென்றே ஒரு சிகிச்சை மையம் தொடங்கியதைப் பற்றி வாசித்து, வகுப்பில் பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறேன். குடி ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அதற்கு டாக்டர் இருப்பார், எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம் என்பதெல்லாம் தெரிந்தவள்தான் கால்கட்டு என்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் அவன் பெயர் ஏறினால் ஊருக்குத் தெரிந்துபோகும் என்று பயந்தேன்.

கால்கட்டு மாட்டுத் தொழுவைச் சேர்ந்த சொல். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தொழுவில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. கழுத்தில் கிடப்பது தும்பு. காளையின் மூக்குத் தண்டைத் துளைத்துக் கோப்பது மூக்கணாங்கயிறு. ஏரிலும் வண்டியிலும் கழுத்தை நுகத்தடியோடு சேர்ப்பது பூட்டாங்கயிறு. கறக்கும்போது உதைக்கிற பசுவின் பின்னங்கால்களைச் சேர்த்துப் போடுவது அணைகயிறு. வெள்ளாமையில் வாய்வைக்காமல் இருக்க முகத்தில் மாட்டுவது வாய்க்கூடை. வேலி தாண்டிப் பழகிய மாட்டின் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடுவார்கள். ஓட எடுத்தால் முழங்காலில் இடிக்கும். கழுதைக்கு முன்னங்கால் இரண்டையும் நெருக்கிக் கட்டி மேயவிடுவார்கள். அது தத்தித் தத்தியே ஊர்க்கோடி வரைக்கும் போய்த் திரும்பும். கால்கட்டு என்பது இப்படிக் காலில் விழுகிற கட்டு. தளை என்பது இதற்கு ஏட்டில் உள்ள பெயர்.

தளையை நான் வகுப்பில் வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு சீரை அடுத்த சீரோடு பிணைப்பது, ஏழு வகை. மா முன் நிரையும் விளம் முன் நேரும் வந்தால் இயற்சீர் வெண்டளை, காய் முன் நேர் வந்தால் வெண்சீர் வெண்டளை. மொட்டு மலர்வதைத் தளை அவிழ்தல் என்பதும் பழைய வழக்கு. பனையேறிகள் இரண்டு காலிலும் மாட்டிக்கொள்ளும் நார்வளையம் தளைநார். அந்தத் தளையை ஏறுகிறவரே மாட்டிக்கொள்கிறார், இறங்கியதும் அவரே கழற்றிவிடுகிறார். இந்த ஒரு கட்டில் மட்டும்தான் கட்டுப்படுகிறவருக்குச் சம்மதம் இருப்பதாக இப்போது எனக்குத் தோன்றுகிறது.

கால்கட்டு என்ன செய்யும், என்ன செய்யாது என்பது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். எங்களிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. பக்கத்துப் புஞ்சைப் பருத்தியில் இறங்கி வாய்வைத்துப் பழகிவிட்டது. சண்டை வந்தது. அப்பா காலில் கட்டுப் போட்டார். பருத்திப் பருவம் முடியும் வரை அது ஒழுங்காக இருந்தது. அடுத்த வருஷம் கட்டை அவிழ்த்த அன்றைக்கே அதே புஞ்சையில் போய் நின்றது. “கட்டு மாட்டோட நடையத்தான் குறைக்கும் தாயி, ஆசையக் குறைக்காது. வேலி அடைக்கிறதுக்கு நமக்குக் கொஞ்சம் அவகாசம் குடுக்கும், அம்புட்டுத்தான்” என்றார். அந்த வருஷம் கருவேல முள் வெட்டி வேலி அடைத்தார். பொழுது சாயும் முன்பே சோளத்தட்டை போட ஆரம்பித்தார். கட்டுப் போட்ட காலில் கயிறு அறுத்துப் புண்ணாகி ஈ மொய்த்ததும் எனக்கு நினைவிருக்கிறது. வேப்பெண்ணெய் தடவி, கயிற்றுக்கு அடியில் பழந்துணியைச் சுற்றிவிட்டார். முளைக்குச்சி அடிக்கும்போதே நிழல் எட்டுகிறதா, தண்ணீர்த் தொட்டி எட்டுகிறதா என்று நின்று பார்த்துத்தான் அடிப்பார். நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான கயிற்றிலோ கனமான சங்கிலியிலோ பிராணியை நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம் என்று 1960-ம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் சொல்வதை நான் பின்னால் படித்தேன். அப்பாவுக்குச் சட்டம் தெரியாது. மாட்டின் பக்கம் நின்று பார்க்கத் தெரியும்.

அதனால்தான் நான் கால்கட்டு என்றபோது அவர் தயங்கினார். “குடிய நிப்பாட்டட்டும், அப்புறம் பாப்போம்” என்றார். அவரை மடக்க நான் ராமானுஜன் கதையை எடுத்தேன். கல்லூரித் தேர்வில் தோற்று, வேலையும் இல்லாமல், நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மகனுக்கு 1909-ல் அவருடைய தாய் கோமளத்தம்மாள் கல்யாணம் செய்துவைத்தார். அதற்குப் பிறகுதான் ராமானுஜன் வேலை தேடிப் புறப்பட்டார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை, 1914-ல் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ். “அவருக்கே கல்யாணந்தாம்ப்பா பொறுப்பக் குடுத்துச்சு” என்றேன். மகள் டீச்சர். அப்பா படிக்காதவர். வாயடைத்துப் போனார்.

மீதிக் கதையும் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. மணப்பெண் ஜானகிக்கு அப்போது 10 வயது. கணவரோடு சேர்ந்திருந்தது இங்கிலாந்துக்குப் போகும் முன்பு கொஞ்ச காலம், 1919-ல் நோயாளியாகத் திரும்பிவந்த பிறகு ஒரு வருஷம். 1920 ஏப்ரலில் அவர் இறந்தபோது ஜானகிக்கு 21 வயது. தையல் வேலை செய்து பிழைத்து, திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, 1994-ல்தான் அவர் கண்ணை மூடினார். விதவையாக 74 ஆண்டுகள். கல்யாணம் ராமானுஜனை என்ன செய்தது என்று பேசுகிறவர்கள் ஜானகியை என்ன செய்தது என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கணிதத்தைத் தவிர வேறு குற்றம் செய்யாத ஒரு மனிதரின் பெயரை என் தம்பியின் குடிக்கு மறைப்பாக இழுத்ததற்கும் வெட்கப்படுகிறேன்.

கால்கட்டு போடுவது என்று சொல்லும்போது மாடு யார் என்று எல்லோருக்கும் தெரியும்; பையன். கயிறு யார்? நல்ல குடும்பத்துப் பெண்ணாக, பொறுமைசாலியாக, ரொம்பப் படிக்காதவளாகப் பாருங்கள் என்று தரகரிடம் சொன்னேன். நான் பெண்ணைத் தேடவில்லை. அறுந்துபோகாத கயிறு ஒன்றைத் தேடியிருக்கிறேன். அப்போது இது உறைக்கவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. ‘ரொம்பப் படிக்காதவளாக’ என்றபோது என் குரல் தாழ்ந்தது. படித்த பெண் கேள்வி கேட்பாள் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். பெண் பிள்ளைகளைப் படிக்கவைக்கச் சொல்லி வீடு வீடாகப் போன டீச்சர் நான்.

விசாரிக்க வந்தார்கள். பெண்ணின் தாய்மாமா நேரே என் பள்ளிக்கே வந்தார். பெஞ்சு நுனியில் உட்கார்ந்துகொண்டு, “பையனுக்குப் பழக்கம் எதுவும் உண்டுங்களா டீச்சர்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே பஸ் பிடித்து வந்திருக்கிறார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. “சேக்காளிகளோட எப்பவாச்சும் உண்டு, இல்லேங்கலை. இப்ப அதுவும் கெடையாது” என்றேன். ஒரேயடியாக இல்லை என்றிருந்தால் அவர் வேறு யாரிடமாவது விசாரித்திருப்பார். பாதியை ஒப்புக்கொண்டதால் நம்பினார். நம்பவைக்க வேண்டும் என்றுதான் பாதியை ஒப்புக்கொண்டேன். “டீச்சர் சொன்னாச் சரியா இருக்கும்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் வாழ்நாளில் யாரையும் ஏமாற்றாத மனிதர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முகூர்த்தத்தன்று தம்பியை யாரும் குடிக்கவிடவில்லை. இரண்டு பேர் கூடவே இருந்து காவல் காத்தார்கள். அதனால் மணவறையில் அவன் கை அதிகமாக நடுங்கியது. எங்களில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவனுடைய அக்கா அல்லது தங்கை போடுவது வழக்கம். நாத்தனார் முடிச்சு என்போம். மஞ்சள் கயிறு அவன் விரலில் நிற்கவில்லை. நான் பெண்ணின் முதுகோடு ஒட்டி நின்று, முந்தானையால் மறைத்துக்கொண்டு, கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கினேன். மூன்று முடிச்சையும் நானே போட்டேன். கெட்டிமேளத்தில் யாரும் கவனிக்கவில்லை. குனிந்த தலையோடு இருந்த அவளுக்கு மட்டும், கழுத்துக்குப் பின்னால் இருந்தவை பெண் விரல்கள் என்று தெரிந்திருக்கும்.

பிறகு நடந்ததை நீட்ட எனக்கு விருப்பமில்லை. அது அவளுடைய வாழ்க்கை. சில வாரம் அவன் ஒழுங்காக இருந்தான், அப்புறம் பழையபடி ஆனான். குற்றம் அவள் தலையில் விழுந்தது. காசை ஒளித்துவைத்தால் ‘புருஷனை மதிக்காதவள்’, கொடுத்தால் ‘குடிக்கவிட்டவள்’. ‘நீ சொல்ற விதத்துல சொன்னாக் கேப்பான்’ என்று நானே அவளிடம் பல தடவை சொன்னேன். அந்த விதம் எது என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டினோம். வருஷக்கணக்கில் குடித்தவன் அதை ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். நாங்கள் கயிறு கட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். மூன்றாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினான். கூட இருந்தது அவள் மட்டும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறது என்பார்கள். வாலைப் பிடித்துத் தொங்கும் வேலையை இன்னொரு வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஒருநாள் சாயங்காலம் துணிப்பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா வீட்டுக்குப் போகவில்லை, என்னிடம் வந்தாள். “என்னால முடியல மதினி” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. சாப்பாடு போட்டேன், தலை வாரிவிட்டேன், ஒரு ராத்திரி தூங்கவிட்டேன். மறுநாள் காலை பஸ்ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், “ஒரு பிள்ளை பெறந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்” என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். முதல் கயிறு தாங்கவில்லை என்றதும் இரண்டாவதைத் தேடியிருக்கிறேன். இந்த முறை இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையை.

அன்றைக்கு நான் மூடிய கதவு எவ்வளவு பெரியது என்பது பல வருஷம் கழித்து ஒரு வக்கீல் சொல்லித் தெரிந்தது. 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவில், முக்கியமான உண்மையை மறைத்து, ஏமாற்றிச் சம்மதம் வாங்கிய திருமணத்தை ரத்து செய்யக் கேட்க வழி உண்டு. ஏமாற்றியது தெரிந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். வழக்கு ஜெயித்திருக்குமா என்பது வேறு. முயன்று பார்க்க அவளுக்குக் காலம் இருந்தபோது நான் பஸ்ஸில் ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்து அனுப்பினேன்.

மகள் பிறந்தாள். கைக்குழந்தை வீட்டில் இருந்தால் எங்கேயும் நகர முடியாது, அது ஒரு கால்கட்டு என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். கறவை மாடு வைத்திருக்கிறவளும் இதையே சொல்வாள்: இந்த மாடு ஒரு கால்கட்டு, ஒரு நல்லது கெட்டதுக்கு வெளியூர் போகமுடியுதா? அந்தச் சொல்லைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தும், யாருக்காகப் போடுகிற கட்டு யார் காலில் விழுகிறது என்று நான் யோசித்ததில்லை. தம்பி கடைசி வரைக்கும் நினைத்த இடத்துக்குப் போனான், வந்தான். வீட்டை விட்டு நகர முடியாமல் நின்றவள் அவள்.

ஈரல் கெட்டுத்தான் போனான். சாவு வீட்டில் கால் பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டுவார்கள். அதற்கும் கால்கட்டு என்றுதான் பெயர். யாரோ ஒருவர் அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா மாரில் அடித்துக்கொண்டு சொன்னாள்: “கெட்டிக்காரி ஒருத்தி வாச்சிருந்தா எம்பிள்ள பொழச்சிருப்பான்.” அவள் இரண்டு முழத் தூரத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இல்லம்மா என்று ஒரு சொல் போதும். சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என் பக்கம் திரும்பும். இன்றைக்கும் ஊரில் சிலர் அம்மா சொன்னதைத்தான் நம்புகிறார்கள். அவர்கள் இதைப் படிப்பார்களோ தெரியாது; படித்தால் தெரிந்துகொள்ளட்டும். அவள் கெட்டிக்காரி. நோய் முற்றியவனை அவள் இருந்ததால்தான் அத்தனை வருஷம் உயிரோடு பார்த்தோம்.

அவள் இப்போது தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருக்கிறாள். பெட்டி ஒட்டுகிற வேலையில் சேர்ந்து, ராத்திரியில் படித்துப் பத்தாம் வகுப்பு முடித்து, அங்கிருந்து மேலே வந்தவள். மகள் நர்சிங் படிக்கிறாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். தாய்மாமா விசாரிக்க வந்தது, நான் சொன்ன பொய், மூன்று முடிச்சையும் நான் போட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். இதை எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன். அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டாள். நான் அழுதபோது அவள் அழவில்லை.

“எழுதுங்க. எம்பேரு வேணாம்” என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். “மாமாகிட்டச் சொன்ன பொய்யத்தான பெருசா நெனச்சுக்கிட்டு வந்திருக்கீங்க? அது தம்பிக்காகச் சொன்னது. எங்க அண்ணன் குடிச்சிருந்தா நானும் சொல்லியிருப்பனோ என்னமோ. நான் பையத் தூக்கிட்டு உங்ககிட்ட வந்தேன்ல, மறுநாள் பஸ்ஸேத்தி விட்டீங்களே, அது எதுக்கு மதினி? அவரு திருந்திருவாருன்னு அன்னைக்கு நீங்க நம்பல. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. பின்ன எதுக்கு?”

அந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. தம்பி பெண்டாட்டி வாழாமல் வந்து என் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால் அந்த இடம் தட்டிப்போகும் என்று பயந்தேன்.